தாய் கிளாஸ், பிள்ளை கிளாஸ்: ஈக்வல்ஸ் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி: ஹட்டன் பக்கத் தோட்டமொன்றின் கொழுந்து நிறுவைக்கு ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறேன். 'நிறுவை' கிளாஸில் தொழிலாளர் இலக்கம், திகதி, கிலோ என மூன்று ஃபீல்ட் (விபரம் வைக்கும் இடம்). அதை எக்ஸ்டெண்ட் செய்த (அதன் பிள்ளையாக விரித்த) 'கைகாசு' (கிலோக் கணக்கில் காசு கொடுக்கும் வேலை) கிளாஸில் கிலோ விலையும் உண்டு. ஒரே விபரமுள்ள ஒரு நிறுவையையும் ஒரு கைகாசையும் ஈக்வல்ஸ் (இரண்டும் சமமா என்று பார்க்கும் மெதட்) மூலம் ஒப்பிட்டால் ஒரு பக்கம் ட்ரூ, மறுபக்கம் ஃபோல்ஸ். ஏன்?

பதில்: தாயான நிறுவையின் ஈக்வல்ஸ், ஒப்பிட வந்தது நிறுவையா என்று இன்ஸ்டன்ஸ்ஒஃப் மூலம் பார்க்கிறது; அது பிள்ளை கிளாஸையும் ஏற்கும். கைகாசும் நிறுவைதான், மூன்று ஃபீல்டும் பொருந்தினால் ட்ரூ. பிள்ளையான கைகாசின் ஈக்வல்ஸ் கைகாசை மட்டுமே ஏற்கும், நிறுவை வந்தால் ஃபோல்ஸ். ஜாவாவின் விதியோ இரு பக்கமும் ஒரே விடை வேண்டும் என்கிறது. ஜாவாவின் சொந்த டேட், டைம்ஸ்டாம்ப் (திகதி, நேரம் வைக்கும்) கிளாஸ்களிலேயே இந்தக் கோளாறு இருக்கிறது.

பிள்ளையின் ஈக்வல்ஸுக்குச் சாதாரண நிறுவை வந்தால் விலையைப் பார்க்காமல் விடலாமே என்று தோன்றும். வேண்டாம். 40 ரூபா கைகாசு நிறுவைக்குச் சமம், நிறுவை 45 ரூபா கைகாசுக்குச் சமம், ஆனால் 40உம் 45உம் சமமில்லை. ஹாஷ்செட்டில் (சமமானவற்றில் ஒன்றை மட்டும் வைக்கும் தொகுப்பு) நிறுவையை முதலில் போட்டால் மூன்றும் சேர்ந்து ஒன்றாகிவிடும். கடைசியில் போட்டால் இரண்டு மிஞ்சும். செக்ரோலில் (தோட்டச் சம்பளப் பதிவேடு) யாருடைய காசு விடுபட்டது என்று பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தாயில் இன்ஸ்டன்ஸ்ஒஃப்புக்குப் பதில் கெட்கிளாஸ் (இரண்டும் அதே கிளாஸா என்று பார்ப்பது) போட்டால் முரண்பாடு தீரும். ஆனால் ஹைபர்நேட் (டேட்டாபேஸ் பதிவுகளை ஜாவாவுக்குக் கொண்டுவரும் கருவி) பாவித்தால், அது தானாக உருவாக்கும் புரொக்ஸி (பதிவுக்குப் பதிலாக நிற்கும் பொருள்) வேறு கிளாஸ் என்பதால் ஒரே பதிவும் சமமில்லை என்று வரும்.

உங்கள் வேலைக்கு எக்ஸ்டெண்டே தேவையில்லை. கைகாசுக்குள் நிறுவையை ஒரு ஃபீல்டாக வையுங்கள். ஜாவா 16 முதல் இரண்டையும் ரெகோர்ட் (விபரம் வைப்பதற்கான கிளாஸ் வகை) ஆக்கலாம்; ஈக்வல்ஸும் ஹாஷ்கோடும் (ஹாஷ்செட் தேடப் பாவிக்கும் எண்) தாமாகவே வரும், ரெகோர்டை யாரும் எக்ஸ்டெண்ட் செய்யவும் முடியாது. கிலோவைக் கிராமாக, முழு எண்ணில் வையுங்கள்: 18.5 கிலோ என்றால் 18500. பிக்டெசிமலில் (தசம எண் வைக்கும் கிளாஸ்) 18.5உம் 18.50உம் ஈக்வல்ஸுக்கு வேறு வேறு.

நீங்கள் கேட்காத பிழை ஒன்றும் இருக்கிறது. காலையில் 6 கிலோ, மத்தியானம் 6 கிலோ நிறுத்தவரின் இரண்டு பதிவும் உங்கள் மூன்று ஃபீல்டில் ஒன்றே; ஹாஷ்செட் ஒன்றைத் தள்ளிவிடும். எந்த நேர நிறுவை என்பதையும் ஃபீல்டாகச் சேருங்கள்.