கேளுங்கள், சொல்கிறேன்: 'சின்னப் பெண்ணான போதிலே'

கே: 'ஆரவல்லி' படத்தின் 'சின்னப் பெண்ணான போதிலே' பாட்டு ஆங்கிலப் பாட்டின் காப்பி என்கிறான் என் பேரன். உண்மையா?

ப: உண்மைதான். மெட்டு அப்படியே 'கே செரா செரா', அதாவது 'நடப்பது நடக்கும்'. 1956-இல் ஹிட்ச்காக் எடுத்த 'தி மேன் ஹூ நியூ டூ மச்' படத்தில் அமெரிக்க நடிகை டோரிஸ் டே பாடியது. அடுத்த வருடமே ஜி. ராமநாதன் இசையில் நம் ஊருக்கு வந்துவிட்டது. ஜிக்கியும் ஏ.எம். ராஜாவும் பாடினார்கள். 'கே செரா செரா' விழும் இடத்தில் 'வெண்ணிலா நிலா' என்று போட்டார்களே, அதற்கே ஒரு மாலை போடலாம்.

அப்புறம், மூலப் பாட்டும் ஒரு சினிமாவிலிருந்து கிளம்பியதுதான். எழுதியவர்கள் ஜே லிவிங்ஸ்டன், ரே எவன்ஸ் என்ற இரட்டையர். 1954-இல் வந்த 'தி பேர்ஃபுட் கான்டெஸா'வில் ஓர் இத்தாலியப் பிரபுவின் மாளிகையில், 'நடப்பது நடக்கும்' என்ற பொருளில் குலவாசகம் ஒன்று கல்லில் செதுக்கியிருக்கும். லிவிங்ஸ்டன் அதைப் பிடித்துக்கொண்டார். பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது, இந்த ஜோடிக்கு அது மூன்றாவது. ஆக, காப்பி என்று பார்த்தால் அவர்களும் சுத்தமில்லை என்று பேரனிடம் சொல்லுங்கள்!

கே: டோரிஸ் டேக்கே இந்தப் பாட்டு பிடிக்காதாமே?

ப: ஆமாம், வெறும் குழந்தைப் பாட்டு என்று நினைத்தாராம். பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது. 1968-இலிருந்து 1973 வரை ஓடிய அவருடைய தொலைக்காட்சித் தொடருக்கும் அதுவே முகப்புப் பாட்டு. 2019-இல் அவர் காலமானபோதும் எல்லோரும் முதலில் முணுமுணுத்தது இதைத்தான். பிடிக்காத பாட்டுதான் கடைசிவரை கூட வந்தது.

கே: 'நடப்பது நடக்கும்' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லும் பாட்டை நம்பிக்கைப் பாட்டு என்கிறார்களே, அது எப்படி?

ப: ஹிட்ச்காக் படத்தைப் பாருங்கள், அதில் டோரிஸ் டே நடித்த தாய் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறாளா என்று! மகனைக் கடத்தி லண்டனில் ஒரு தூதரகத்தின் மாடியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். கீழே கூடத்தில் விருந்தினர்கள். தாய் பியானோ முன் உட்கார்ந்து இதே பாட்டைப் பாடுகிறாள், விருந்துக்குப் பொருந்தாத அளவு சத்தமாக. விருந்தினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கேமரா படியேறுகிறது, குரல் தேய்ந்துகொண்டே போகிறது. மேலே பையன் காதில் விழுகிறது. அவன் சீட்டியடிக்கிறான். அந்தச் சீட்டியை வைத்துத்தான் அப்பா அவனைக் கண்டுபிடிக்கிறார். விதியே என்று கிடக்கிற பெண் பாடுகிற பாட்டா இது?

வரிகளிலும் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. 'நான் அழகாக இருப்பேனா, பணக்காரியாக இருப்பேனா' என்று மகள் கேட்கிறாள். 'கட்டாயம் கண்ணே' என்று அந்த அம்மா பொய் சொல்லவில்லை. வருவது நம் கண்ணுக்குத் தெரியாது என்கிறாள், அதையும் தாலாட்டு மாதிரியான மெட்டில். வளர்ந்த பிறகு காதலனிடம் கேட்டாலும் அதே பதில். கடைசியில் இவள் பிள்ளைகள் கேட்கும்போது இவளும் அதையே சொல்கிறாள்.

நம் தமிழ் அம்மாவுக்கு அவ்வளவு கறார் வரவில்லை. எண்ணம்போல் வாழ்வு அமையுமா என்று மகள் கேட்டதும், இன்பம் காணலாம் என்று வாக்கே கொடுத்துவிடுகிறாள். கேட்டுக்கொண்டே இருக்க எனக்கு ஜிக்கிதான் வேண்டும். ஆனால் நம்பச் சொன்னால், டோரிஸ் டே பாட்டில் வரும் அம்மாவைத்தான் நம்புவேன்.

இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்களுக்கு இந்தத் தத்துவ விசாரமெல்லாம் கிடையாது. கோப்பைப் போட்டிகளில் தங்கள் அணி ஜெயித்து முன்னேறினால் போதும், 'கே செரா செரா, வெம்ப்ளிக்குப் போகிறோம்' என்று அரங்கமே பாடும். வெம்ப்ளி என்பது கோப்பை இறுதிப்போட்டி நடக்கும் லண்டன் மைதானம்.