பதில்: தலையணைக்கடியில் ரொட்டி ஒளித்து வைக்கும் பாட்டி

வட லண்டனில் யூத முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், போலந்தில் பிறந்த ஒரு பாட்டி ரொட்டியை ஒளித்து வைக்கிறார், ஷவர் என்றாலே அலறுகிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நானும் இதே வேலைதான்.

முதலில் அந்த ரொட்டியைப் பிடுங்காதீர்கள். மறதி நோயில் அண்மை நினைவுதான் முதலில் போகும், சின்ன வயது நினைவு தங்கிவிடும். அவர் இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த முகாமிலோ கெட்டோவிலோ (யூதர்களை ஒதுக்கி அடைத்த நகரப் பகுதி) இருந்தவர் என்றால் பசியும் பயமும் அவருக்கு இன்று நடப்பதுதான். பழைய ரொட்டித் துண்டை அவர் கண் முன்னால் எடுக்காமல், புதியதை வைத்துவிட்டு மாற்றுங்கள். யூதர்களின் பஸ்கா பண்டிகை வாரத்தில் மட்டும் இல்லத்தில் புளித்த மாவு ரொட்டியே இருக்கக்கூடாது, அப்போது மாட்ஸா (புளிக்காத மாவில் சுட்ட தட்டை ரொட்டி) கொடுங்கள். எதுவானாலும் இல்லத்தின் சமையலறையிலிருந்தே எடுங்கள், வெளியிலிருந்து வாங்கி வராதீர்கள், கோஷர் என்கிற யூத உணவு விதி கண்டிப்பானது.

ஷவரை விட்டுவிடுங்கள். முகாம்களில் விஷவாயு அறையைக் குளியலறை என்று சொல்லித்தான் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். பேசினில் வெந்நீர், துணி, கதவு கொஞ்சம் திறந்தபடி, ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள், அவசரமே வேண்டாம். இது பராமரிப்புத் திட்டத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரவு ஷிஃப்டில் வருகிறவர் மறுபடி ஷவருக்கே இழுத்துப் போவார்.

அப்புறம் மேனேஜரிடம் பயிற்சி கேளுங்கள். ஜூயிஷ் கேர் என்ற யூதத் தொண்டு அமைப்பு லண்டனில் நாஜி இனப்படுகொலையில் உயிர்தப்பியவர்களுக்கென்றே தனி மையம் நடத்துகிறது, அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். பாட்டியின் பிள்ளைகளிடமும் பேசுங்கள், எந்தப் பாட்டு, எந்த மொழி அவரை அமைதிப்படுத்தும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.