தையல் ஆறிவிட்டது, நான் தேறிவிட்டேனா?

கேள்வி: எனக்கு வயது 54. பெருங்குடலில் இருந்த கட்டிக்காக வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. தையல் ஆறிவிட்டது, ஸ்கேனும் நன்றாக இருக்கிறது, எல்லாம் நார்மல் என்கிறார் டாக்டர். ஆனால் குளித்து முடித்தாலே களைத்துப்போகிறேன். மதியம் படுத்தால் எழ மனம் வருவதில்லை. குனியவே பயமாக இருக்கிறது. வீட்டில் கேட்டால், “டாக்டரே சொல்லிவிட்டாரே, இன்னும் என்ன?” என்கிறார்கள். நான் தேறி வருகிறேனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகி

பதில்: ‘நார்மல்’ என்று டாக்டர் சொன்னது உங்கள் வயிற்றைப் பற்றி. நீங்கள் கேட்பது உங்களைப் பற்றி. இந்த இரண்டாவது கேள்விக்கு ஸ்கேனில் பதில் கிடைக்காது.

மருத்துவமனையில் நாங்கள் பார்ப்பவை சில விஷயங்கள்தான். காய்ச்சல் இருக்கிறதா, வாயு பிரிந்ததா, சாப்பிட்டது தங்குகிறதா, காயத்தில் சீழ் இருக்கிறதா, எத்தனையாவது நாளில் வீட்டுக்கு அனுப்பலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் பெருங்குடல் மீண்டும் அசையத் தொடங்க இரண்டு மூன்று நாட்கள் ஆகும் என்பதால், வாயு பிரிந்தது என்ற செய்தியை வார்டில் நற்செய்தியாகவே வாங்கிக்கொள்வோம். இவையெல்லாம் உயிருக்கு ஆபத்தில்லை என்பதைச் சொல்லும். குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதை இவற்றில் எதுவும் பதிவு செய்யாது.

இந்தக் குறையை மருத்துவ உலகம் உணராமல் இல்லை. நோயாளியிடமே கேட்டு மதிப்பெண் போடும் வினாத்தாள்கள் வந்திருக்கின்றன. 2013-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மருத்துவர்கள் வெளியிட்ட ‘கியூஓஆர்-15’ (Quality of Recovery, அதாவது தேறுதலின் தரம்) இன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை, மொத்தம் 150. நன்றாகத் தூங்கினீர்களா, சாப்பாடு ருசித்ததா, உதவியில்லாமல் கழிப்பறை போக முடிகிறதா, கவலையாக இருக்கிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா என்று கேட்கும். பதினைந்தில் வலியைப் பற்றியவை இரண்டே இரண்டு. வலி போனால் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த விகிதத்தைக் கவனிக்க வேண்டும். வயிற்று அறுவை சிகிச்சைக்கென்றே உருவான இன்னொரு வினாத்தாள், தூக்கத்துக்கும் குடலின் போக்குக்கும் தனித்தனிப் பகுதிகளே ஒதுக்கியிருக்கிறது.

ஆனாலும் இவற்றை அப்படியே எடுத்து நிரப்புங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கியூஓஆர்-15 கடந்த 24 மணி நேரத்தைப் பற்றிக் கேட்பது. முதல் சில நாட்களுக்கே மிகவும் பொருந்தும். ஐந்தாவது வாரத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, மாடிப்படி ஏற முடியாமல் நிற்பவர்கள் உண்டு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாள்பட நம் எதிர்பார்ப்பே இறங்கிவிடும். இன்று ‘பத்துக்கு எட்டு’ என்று நீங்கள் சொல்வது, அறுவை சிகிச்சைக்கு முன்பு நீங்கள் சொல்லியிருக்கக்கூடிய எட்டு அல்ல. அதனால் மதிப்பெண்ணைவிட, முன்பு யோசிக்காமல் செய்துவந்த வேலைகளை அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு நோட்டை எடுத்து, அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாதத்தில் நீங்கள் செய்துகொண்டிருந்த மூன்று வேலைகளை எழுதுங்கள். பெரிய சாதனைகள் வேண்டாம். நிற்காமல் எத்தனை மாடி ஏறினீர்கள், எவ்வளவு நேரம் நின்று சமைத்தீர்கள் என்பது போல. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் அதை எந்த அளவுக்குச் செய்ய முடிகிறது என்று குறியுங்கள். தினமும் குறிக்காதீர்கள், ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் படுத்தும், அதைப் பார்த்தே மனம் ஒடிந்துவிடும். சமதளத்தில் ஆறு நிமிடம் உங்கள் வேகத்தில் நடந்து, எவ்வளவு தூரம் போனீர்கள் என்பதையும் எழுதலாம். மருத்துவமனைகளில் செய்யும் நடைப் பரிசோதனையின் எளிய வடிவம் அது.

வலியைக் குறிக்கும்போது ஒரு விஷயம். படுத்திருக்கும்போது வலி இல்லை என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. இருமும்போது, கட்டிலிலிருந்து எழும்போது எவ்வளவு என்று எழுதுங்கள். அசையாமலே இருப்பவருக்கு வலி பூஜ்யமாகத்தான் இருக்கும். தேறியவர்கள் பட்டியலில் அவரைச் சேர்க்க முடியாது. களைப்பையும் இப்படியே பாருங்கள். களைப்பு வருகிறதா என்பதைவிட, எதைச் செய்தால் வருகிறது, எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தால் போகிறது என்பதே பயன்படும். குளித்தபின் ஒரு மணி நேரம் தேவைப்பட்டது இரண்டு வாரத்தில் கால் மணி நேரமாகக் குறைந்தால் நீங்கள் தேறி வருகிறீர்கள், மதியம் இன்னும் தூங்கினாலும்கூட.

வயிற்றைத் திறந்து செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மூன்று மாதங்கள் வரை களைப்பு நீடிப்பது சாதாரணம். உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் இந்த வரியைக் காட்டுங்கள்.

குனியப் பயம் என்கிறீர்கள். மேல்தோல் மூடிக்கொண்டாலும் உள்ளே தசையை மூடியிருக்கும் உறை ஆறாவது வாரத்தில் ஏறத்தாழ பாதி வலுவைத்தான் எட்டியிருக்கும். அதனால்தான் பாரம் தூக்க வேண்டாம் என்கிறோம். அதை மீறினால் பின்னால் குடலிறக்கம் வரலாம். ஆனால் நடப்பதாலோ மெதுவாகக் குனிவதாலோ தையல் பிரிந்துவிடாது. எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோ வரை, எந்த வாரத்திலிருந்து தூக்கலாம் என்று உங்கள் டாக்டரிடம் எண்ணாகவே கேட்டு வாங்குங்கள். ‘கவனமாக இருங்கள்’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

சில விஷயங்களுக்கு நோட்டு வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்: காய்ச்சல், நிற்காத வாந்தி, வயிறு உப்பி வாயுவும் மலமும் போகாமை, நாளுக்கு நாள் கூடும் வலி, காயம் சிவந்து சீழ் வருவது அல்லது திடீரென்று நீர் கசிவது, ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. ரத்தக்கட்டு அபாயம் வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் இருக்கும் என்பதால் கடைசி மூன்றை அலட்சியப்படுத்த வேண்டாம்.

உங்கள் களைப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். குடல் கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு ரத்தசோகை இருப்பது அபூர்வமல்ல. இரவுத் தூக்கம் கெட்டிருக்கலாம், சாப்பாட்டில் புரதம் குறைந்திருக்கலாம், நீங்கள் சாப்பிடும் வலி மாத்திரையே மந்தமாக்கலாம். எழ மனம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உடல் வராததா, மனம் வராததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிடித்த காரியங்களிலும் இரண்டு வாரமாக நாட்டமில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது, “களைப்பாக இருக்கிறது” என்று சொன்னால் ஓய்வெடுங்கள் என்ற பதில்தான் வரும். “முன்பு மூன்று மாடி ஏறினேன், போன வாரம் ஒன்று, இந்த வாரமும் ஒன்று” என்று நோட்டைக் காட்டுங்கள். இரண்டு வாரம் எதுவும் நகரவில்லை என்றாலோ பின்னோக்கிப் போனாலோ அடுத்த முறை வரும் வரை காத்திருக்க வேண்டாம், முன்கூட்டியே போய்விடுங்கள். ஹீமோகுளோபின் பரிசோதனையை மட்டும் இந்த வாரமே செய்துகொள்ளுங்கள்.