1000 துண்டு ஜிக்சாவில் வானம் மட்டும் பாக்கி: என்ன செய்யலாம்?

மனசு லேசாகட்டும் என்று ஜிக்சா (துண்டுகளை இணைத்துப் படமாக்கும் புதிர்) வாங்கினீர்கள். ஓரம், வீடு, மரமெல்லாம் முடிந்து, வெறும் நீல வானத்தில் இரண்டு வாரமாக மாட்டிக்கொண்டு எரிச்சல்தான் மிச்சம் என்கிறீர்கள். அந்த இடத்தில் எல்லோருக்கும் தலை சூடாகும்.

இனி நிறத்தை விடுங்கள், வடிவத்தைப் பாருங்கள். மிச்சத் துண்டுகளின் ஓரத்தில் வெளியே துருத்தும் குமிழ், உள்ளே வளைந்த குழி இவற்றை எண்ணித் தட்டுகளில் பிரியுங்கள். எதிரெதிரே இரண்டு குமிழ் உள்ளவை ஒரு தட்டு, அடுத்தடுத்து இரண்டு குமிழ் உள்ளவை ஒன்று, மூன்று குமிழ் உள்ளவை ஒன்று, இப்படி. காலியிடத்துக்கு எந்த வகை வேண்டும் என்று தெரிந்தால் அந்தத் தட்டை மட்டும் துழாவினால் போதும். சரியான துண்டு அழுத்தாமலே உட்காரும். சந்தேகமா? பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், பொய்யாகப் பொருந்திய இடத்தில் மெல்லிய நிழல்கோடு தெரியும்.

ஜிக்சாவுக்கு முன்னோடி எது தெரியுமா? 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடத் தயாரிப்பாளர், ஒரு வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளை ஒட்டியே அறுத்தாராம். பாடம் சொல்லித்தரச் செய்தது அது. உங்கள் வானம்போல் வெறும் நீலமல்ல, பெயர் எழுதிய துண்டுகள், கொடுத்துவைத்த பிள்ளைகள்!

அப்புறம், இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் உட்காராதீர்கள். கழுத்து வலித்தால் நிம்மதி எங்கிருந்து வரும்? ‘இன்று முடித்தே தீருவேன்’ என்பதும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு பலகைமேல் வைத்துக்கொண்டால், அலுத்ததும் அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.