பிளிப் எஸ்எச்வி-1-ஐத் தடுக்கவில்லையா? புரதத்தைக் கொட்டிவிடாதீர்கள்

டெம்-1, எஸ்எச்வி-1 இரண்டும் பென்சிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் பாக்டீரியா நொதிகள் (பீட்டா-லாக்டமேஸ்). பிளிப் அவற்றைத் தடுக்கும் புரதம். டெம்-1 நொதியை நானோமோலார் அளவிலேயே அடக்கும் உங்கள் பிளிப், எஸ்எச்வி-1-இடம் அதைவிட ஆயிரம் மடங்கு அதிகமான மைக்ரோமோலார் அளவுக்குப் போனால்தான் அசைகிறது, சுத்திகரிப்பில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு இல்லை நண்பரே. டெம்-1-ஐ அது அடக்குகிறதே, அதுவே சான்று.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ் என்ற பாக்டீரியா தரும் இந்தப் புரதத்தில் 165 அமினோ அமிலங்கள். ஒரே மாதிரியான இரண்டு பகுதிகள் சேர்ந்து, உள்ளங்கையைக் குவித்ததுபோல ஒரு பீட்டா தகடு. அந்தக் குழிதான் நொதியைக் கவ்வுகிறது. 49-ஆவது இடத்து அமினோ அமிலமான ஆஸ்பார்டேட் ஒரு வளைவின் நுனியில் நீட்டிக்கொண்டு, நொதியின் வினைக்குழிக்குள் பென்சிலினின் கார்பாக்சிலேட் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த போலி வேடம் இது!

சரி, எஸ்எச்வி-1-இல் என்ன சிக்கல்? இரு நொதிகளும் ஏறக்குறைய 68 சதவீதம் ஒன்றுதான். ஆனால் 104-ஆம் இடத்தில் டெம்-1-க்கு குளுட்டமேட், எஸ்எச்வி-1-க்கு ஆஸ்பார்டேட். ஒரே ஒரு கார்பன் குறைச்சல். பிளிப்பின் 74-ஆவது லைசினோடு சேரவேண்டிய உப்புப்பாலம், அதாவது எதிரெதிர் மின்னூட்டங்களின் பிணைப்பு, அதனால் சரியாக அமைவதில்லை.

புரத வடிவங்களைக் காட்டும் பைமால் மென்பொருளில் டெம்-1, பிளிப் கூட்டமைப்பைத் திறந்து அந்தக் குளுட்டமேட், லைசின் இரண்டின் பக்கச்சங்கிலிகளையும் மட்டும் குச்சி வடிவில் பாருங்கள், புரிந்துவிடும். அப்புறம், நேரம் இருந்தால் எஸ்எச்வி-1-இல் அந்த ஆஸ்பார்டேட்டைக் குளுட்டமேட்டாக மாற்றி, நைட்ரோசெஃபின் சோதனையை (நொதி சிதைத்தால் நிறம் மாறும் பொருளை வைத்துச் செய்வது) ஓட்டுங்கள். தடுப்பு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கூடும்.