பார்த்த நாடகங்களை எழுதி வைக்க: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

மேடை நினைவுகளை எழுதி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். நினைவுகளோடு கேள்விகளும் வந்து குவிந்துவிட்டன. அவற்றுக்குத்தான் இந்த இதழில் முதலிடம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நம்மவர் பார்த்த மேடையைப் பற்றி அச்சில் இருப்பது கொஞ்சம். கூடத்திலும் கோயில் திடலிலும் உட்கார்ந்து பார்த்தவர் சொல்வதே பல நாடகங்களுக்கு இன்று சாட்சி. அதனால் சாட்சியைச் சரியாக எழுதுவது எப்படி என்பதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசியிருக்கிறோம்.

சிறு வயதிலிருந்து நாடகம், மியூசிக்கல் என்று நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் "ரொம்ப நன்றாக இருந்தது" என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. எங்கே தொடங்குவது?
(சாட்ஸ்வர்த் வாசகி)

கதையில் தொடங்காதீர்கள், அம்மா. கதையைப் பிரதியிலோ விமர்சனத்திலோ யாரும் படித்துக்கொள்ளலாம். உங்கள் கண்ணும் காதும் பிடித்து வைத்திருப்பது வேறு எங்கும் கிடைக்காது.

ஒரு நாடகத்துக்கு ஒரு தாள் எடுங்கள். நிகழ்ச்சிநிரல், புகைப்படம், இணையம் எதையும் பார்க்காமல் இருபது நிமிடம் எழுதுங்கள். திரை இருந்ததா, திறந்த மேடையா? முதலில் கேட்ட ஒலி எது? யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்? மேடையில் என்னென்ன சாமான்? எந்த இடத்தில் கூட்டம் சிரித்தது, எங்கே அடங்கியது? வாக்கியம் அழகாக இருக்க வேண்டியதில்லை. நினைவில்லாத இடத்தில் "நினைவில்லை" என்றே எழுதுங்கள். அந்த இடைவெளியை ஊகத்தால் நிரப்பினால், அடுத்த வருடம் ஊகம் எது, பார்த்தது எது என்று உங்களுக்கே தெரியாது.

அடுத்து ஒரு செவ்வகம் போட்டு மேடையை வரையுங்கள். கதவு, படிக்கட்டு, நாற்காலி, இசைக்குழு எல்லாவற்றையும் குறியுங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நாடகக்காரர் "இடப்பக்கம்" என்றால் அது பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் இடது கை. உங்களுக்கு அது வலது. "நான் உட்கார்ந்த பக்கத்திலிருந்து பார்த்தால்" என்று தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகே நிகழ்ச்சிநிரலைத் திறந்து பெயர்களையும் தேதியையும் வேறு நிற மையில் சேருங்கள். எது நினைவு, எது காகிதம் என்று நிறமே சொல்லிவிடும்.

எந்த அளவு நுணுக்கம் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். 1981இல் ஜொஹானஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் வந்த 'வோசா ஆல்பர்ட்!' நாடகத்தில் பெர்சி ம்ட்வா, ம்போங்கெனி ங்கெமா என்று இரண்டே நடிகர்கள்தான். வெள்ளைக்காரராக மாற வேண்டிய நேரத்தில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பாதி பிங்பாங் பந்தை எலாஸ்டிக்கில் கோத்து மூக்கில் மாட்டிக்கொள்வார்கள். "இரண்டு பேரே பல வேடம் போட்டார்கள்" என்று எழுதினால் அந்த நாடகம் நம் கண்ணுக்கு வருவதில்லை. அந்த மூக்கை எழுதினால் வருகிறது.

அப்பாவின் பெட்டியில் ஒரு நாடக நிகழ்ச்சிநிரல் கிடைத்தது. "சனிக்கிழமை 14 மார்ச்" என்று இருக்கிறது, வருடம் இல்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?
(ஃபீனிக்ஸ் வாசகர்)

கிழமையும் தேதியும் சேர்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. 1970க்கும் 2000க்கும் இடையில் 14 மார்ச் சனிக்கிழமையில் விழுந்த வருடங்கள் 1970, 1981, 1987, 1992, 1998. இனி தாளில் உள்ள மற்றக் குறிகளைக் கொண்டு ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது டிக்கெட் விலை. 1961 பிப்ரவரி 14 அன்று ராண்ட் வந்தது. ஷில்லிங்கில் விலை போட்டிருந்தால் அதற்கு முந்தையது என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம்; அப்போது மேலே சொன்ன பட்டியலையே பின்னோக்கி நீட்ட வேண்டும். அடுத்து விளம்பரங்கள். நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1976 ஜனவரியில்தான் தொடங்கியது. பின்னட்டையில் டிவி விற்கும் கடை இருந்தால் 1970 கழிந்தது. 'நேட்டால்' என்று மட்டும் இருந்தால் 1994க்கு முன், 'குவாசூலு-நேட்டால்' என்றால் பின். வெறும் 'நேட்டால்' என்றால் 1998உம் போகும்.

நாடகம் நடந்த இடம் இன்னும் நல்ல சாட்சி. டர்பன் பிளேஹவுஸ் 1935இல் சினிமா அரங்காகக் கட்டியது. இன்றுள்ள பல மேடைகள் கொண்ட நாடக வளாகமாக 1986இல்தான் திறந்தார்கள். உங்கள் தாளில் அங்கே நாடகம் என்று இருந்தால் மிச்சம் 1987, 1992 இரண்டே. 'நாபாக்' என்ற நேட்டால் நிகழ்கலை மன்றத்தின் முத்திரை இருந்தால் 1963க்கு முன் போகாது. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தின் பெயர் 2004 இணைப்போடு மறைந்தது. தெருப் பெயர்களும் உதவும், ஆனால் அவற்றை மட்டும் நம்பாதீர்கள். ஸ்மித் தெரு ஆன்டன் லெம்பேட் தெரு ஆன பிறகும் பழைய பெயரையே சொல்பவர்கள், அச்சிடுபவர்கள் உண்டு.

இரண்டு வருடம் மிஞ்சினால் அந்த இரண்டு மார்ச் மாதங்களின் செய்தித்தாள்களை மட்டும் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். முடிவு தெரிந்ததும் தாளின் மேல் பேனாவால் எழுதிவிடாதீர்கள். மெல்லிய பென்சிலால் பின்பக்கம் எழுதி, வருடத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். அச்சில் இருந்தது இல்லை, நீங்கள் கண்டுபிடித்தது என்று அடுத்தவருக்குப் புரியும்.

'சரஃபினா'வை மேடையில் பார்த்தேன். வூப்பி கோல்ட்பர்க் டீச்சராக நடித்தது கண்ணிலேயே நிற்கிறது. மகள் நம்ப மறுக்கிறாள்.
(லெனேசியா வாசகி)

மகள் சொல்வது சரி. ம்போங்கெனி ங்கெமாவின் 'சரஃபினா!' 1987இல் ஜொஹானஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் மேடையேறியது. வூப்பி கோல்ட்பர்க் நடித்தது 1992இல் வந்த படத்தில். லெலெட்டி குமாலோ இரண்டிலும் சரஃபினா. அதனால் குழப்பம் இன்னும் எளிது. பிறகு பார்த்த படம் முன்பு பார்த்த மேடையின்மேல் படிந்துவிடுவது எல்லோருக்கும் நடக்கிறது.

பிரித்தெடுக்க ஒரு வழி: உங்கள் நினைவுப் படத்தில் முகம் அருகில், பெரிதாகத் தெரிகிறதா? வெளிப்புறத் தெரு, வானம் தெரிகிறதா? அது காமிரா காட்டியது. முன்வரிசைத் தலைகளுக்கு மேலே முழு ஆளும் தெரிந்து, பாட்டின்போது தரையே அதிர்ந்தது என்றால் அது மேடை. அப்படி நிற்கும் துண்டுகளை மட்டும் எழுதுங்கள்.

'கிங் காங்' மியூசிக்கல் பற்றியும் இதே மாதிரி கடிதங்கள் வந்துள்ளன. 1959 பிப்ரவரியில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகப் பெருங்கூடத்தில் அரங்கேறியபோது ஜாய்ஸாகப் பாடியவர் மிரியம் மகேபா. 1961இல் லண்டனுக்குப் போன குழுவில் அந்த வேடம் பெக்கி பாங்கோவுடையது. லண்டனில் மகேபாவைப் பார்த்ததாகச் சொல்பவர் இசைத்தட்டின் குரலையும் மேடையையும் கலந்திருக்கக்கூடும்.

1965க்குப் பிந்தைய நாடகங்களை எழுதும்போது ஒரு விவரத்தை யாரும் விடக்கூடாது என்பது எங்கள் விருப்பம். அனுமதி இல்லாமல் வெவ்வேறு இனத்தார் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதை அந்த வருடம் அரசாணை தடுத்தது. கூடத்தில் யார் இருந்தார்கள், உங்களை எங்கே உட்கார வைத்தார்கள், தனி இரவா, தனி வாசலா என்பதையும் எழுதுங்கள். ரானி கோவெண்டரின் 'தி லானீஸ் பிளஷர்' மவுண்ட் எட்ஜ்கோம்பின் மதுக்கூடத்தையும் அங்கே குடிக்க வரும் நம் ஆட்களின் பேச்சையும் மேடைக்குக் கொண்டுவந்தது. அதைப் பார்த்தவர்கள், எந்த வரிக்கு யார் சிரித்தார்கள் என்று சொன்னால் எங்களுக்கு அது பொக்கிஷம்.

ஆயா சின்ன வயதில் விடிய விடியக் கூத்து பார்த்தவர். "சிக்ஸ்-ஃபுட் டான்ஸ்" என்பார். இப்போது கதை துண்டுதுண்டாகத்தான் வருகிறது. பெயர் எதுவும் நினைவில்லை. எப்படிக் கேட்டு வாங்குவது?
(டொங்காட் வாசகர்)

தம்பி, இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பகுதியிலேயே அவசரமான கேள்வி உங்களுடையதுதான்.

"என்ன நாடகம்?" என்று ஆரம்பித்தால் ஆயா "தெரியாது" என்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். இடத்திலிருந்து தொடங்குங்கள். யாரோடு போனீர்கள், நடந்தா வண்டியிலா, பாய் விரித்தா மணலிலா, வெளிச்சத்துக்கு என்ன விளக்கு, எப்போது தூக்கம் வந்தது. அங்கே மனம் போய் உட்கார்ந்துவிட்டால் மேடை தானாக வரும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். மேஜைமேல் மடித்த துண்டு விரித்து அதன்மேல் வைத்தால் மேஜை அதிர்வு ஏறாது. மின்விசிறியை அணைத்துவிடுங்கள். முதல் தடவை படம் எதுவும் காட்ட வேண்டாம். காட்டினால் படத்தைத்தான் சொல்வார். இரண்டாம் தடவை காட்டலாம்.

பெயர் வராவிட்டாலும் காட்சி கூத்தை அடையாளம் காட்டும். ஒருவர் உயரமான கம்பத்தில் ஏறிப் பாடினார் என்றால் அது அர்ச்சுனன் தபசு. ஒருத்தி பிள்ளைகளைக் கிணற்றில் போட்டாள் என்றால் நல்லதங்காள். சுடுகாட்டுக் காவல்காரன் பொண்டாட்டியிடமே கூலி கேட்டான் என்றால் அரிச்சந்திரன், மயான காண்டம். விரித்த கூந்தலோடு சபதம் என்றால் துகிலுரிதல். அந்தக் கூந்தலை முடித்தார்கள் என்றால் பதினெட்டாம் போர். பெண் வேடத்தில் வந்தவர்கள் ஆண்களா என்றும் கேளுங்கள்.

பிறகு ஆட்ட முறைக்கு வாருங்கள். வேஷக்காரர் வரும்போது இரண்டு பேர் துணி பிடித்தார்களா, துணிக்குப் பின்னாலிருந்தே பாடினாரா? கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் யாரைக் கேலி செய்தான், எந்த மொழிச் சொற்களைக் கலந்தான்? முகவீணை இருந்ததா, ஆர்மோனியம் மட்டுமா? தோளிலும் தலையிலும் மரக்கட்டை அணிகளா, அட்டையும் ஜிகினாவுமா? பாட்டு ஓர் அடி வந்தாலும் போதும். மெட்டோடு பாடச் சொல்லுங்கள், குறுக்கே திருத்தாதீர்கள். ஆயா சொல்கிற உச்சரிப்பிலேயே எழுதுங்கள்.

வருடம் பிடிக்க, அது தீமிதியை ஒட்டிய கூத்தா என்று கேளுங்கள். டர்பன் பக்கத்துக் கோயில்கள் சிலவற்றில் தீமிதி புனித வெள்ளியை ஒட்டி வருகிறது. அந்த நாள் வருடத்துக்கு வருடம் மார்ச் 20க்கும் ஏப்ரல் 23க்கும் இடையில் நகரும். "அந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது, பள்ளிக்கூடம்கூட விடவில்லை" என்று ஆயா சொன்னால், அதுவே சில வருடங்களைக் கழிக்க உதவும்.

நிகழ்ச்சிநிரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பூஞ்சை வாடை அடிக்கின்றன. டிக்கெட்டுகள் வெள்ளைத் தாளாகிவிட்டன.
(டர்பன் வாசகர்)

டர்பன் காற்றின் ஈரம்தான் காரணம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். கடல் பக்கத்துச் சுவரை ஒட்டிய அலமாரி, குளியலறைக்கு அடுத்த சுவர், காற்றுப் புகாத தகரப் பெட்டி மூன்றும் வேண்டாம்.

பூஞ்சை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது காகிதத்துக்குள் இறங்கிவிடும். நிழலில், காற்றோட்டத்தில் நன்றாக உலர்த்துங்கள். உலர்ந்த பின் வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டு, மென்மையான தூரிகையால் வெளிநோக்கித் தள்ளுங்கள். வழுவழுப்பான பக்கங்கள் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். அச்சு கையோடு வந்துவிடும். அதை ஆவணக் காப்பாளரிடம் காட்டுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்பிளை, அதன் கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, எதிர்ப்பக்கமாக எடுங்கள். செல்லோடேப் எக்காரணம் கொண்டும் வேண்டாம். இராமபாணப் பூச்சி இருந்தால் முழுதும் உலர்ந்த தாள்களை மூடிய பிளாஸ்டிக் பையில் வைத்து மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின், அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள்; திறந்தால் பனி நீர் காகிதத்தில் இறங்கும்.

உறை வாங்கும்போது பிவிசி வேண்டாம். மை அதில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் கேளுங்கள்.

வெளுத்துப்போனவை வெப்பத்தாள் டிக்கெட்டுகள், அதாவது மையில்லாமல் சூட்டில் எழுத்து பதிபவை. சூடும் வெளிச்சமும் பிவிசி உறையும் எழுத்தைத் தின்றுவிடும். சூடாக லாமினேட் செய்தால் தாள் முழுதும் கறுத்துவிடும். இனி வாங்குகிற டிக்கெட்டை அன்றிரவே ஸ்கேன் செய்யுங்கள். நிகழ்ச்சிநிரலுக்கு 300 டிபிஐ, டிக்கெட் அளவுச் சிறு தாளுக்கு 600 டிபிஐ. கோப்பு மூன்று பிரதி இருக்கட்டும், அதில் ஒன்று வேறு வீட்டில்.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். மியூசிக்கலுக்கு எந்த இருக்கை எடுப்பது?
(பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகி)

முதல் வரிசை வேண்டாம். பக்கவாட்டு ஒலிபெருக்கிகளின் சத்தம் பெரும்பாலும் அந்தத் தலைகளைத் தாண்டிப் போகும். இசைக்குழு குழியில் இருந்தால் பேச்சை வாத்தியம் அமுக்கிவிடும். மாடிக்கு அடியில் உள்ள கடைசி வரிசைகளில் ஒலி மங்கும். கீழ்த்தளத்தில் நடுப்பகுதி, மாடி விளிம்புக்கு முன்னால் முடியும் வரிசைகள் நல்லது. டிக்கெட் எடுக்கும்போதே செவிக்கருவி வசதி உண்டா என்று கேளுங்கள். கதைச் சுருக்கத்தை முன்தினம் அம்மாவுக்குச் சொல்லிவிட்டால் பாட்டு வரிகள் பிடிபடும்.

இதையெல்லாம் எங்களுக்குப் பின் யாரிடம் கொடுப்பது?
(வெருலம் வாசகர்)

நேட்டால் இந்தியர் சம்பந்தப்பட்டது என்றால் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்தையும், டர்பனில் உள்ள 1860 மரபு மையத்தையும் முதலில் கேளுங்கள். நாடகப் பிரதி, கையெழுத்துப் படி என்றால் மகாண்டாவில் உள்ள அமாஸ்வி இலக்கிய அருங்காட்சியகம். நேரில் மூட்டையோடு போக வேண்டாம். முதலில் ஒரு பட்டியல் அனுப்புங்கள்: தலைப்பு, இடம், தேதி, எத்தனை பக்கம், என்ன நிலை. கொடுக்கும்போது நன்கொடைப் படிவத்தில் இரண்டு விஷயம் எழுத்தில் வரட்டும்: ஒலிப்பதிவை யார் கேட்கலாம், குடும்பத்துக்குப் பிரதி உண்டா. ஆயாவின் குரல் உள்ள பதிவு என்றால் அவர் சம்மதத்தை அந்தப் பதிவிலேயே அவர் வாயால் சொல்ல வைத்துவிடுங்கள்.