2,500 ராண்டில் கிறிஸ்துமஸ் அலங்காரம்: முதலில் கோடு, பிறகு விளக்கு

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த்தில் நடுச்சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் பழைய மாடி வீடு எங்களுடையது. அப்பா இருந்தவரை டிசம்பர் வந்தால் எங்கள் விளக்குகளைப் பார்க்கவே தெருவில் கார்கள் நிற்கும். அவர் போன பிறகு பத்துப் பதினைந்து சீரியல் செட்டுகளும் பின்னறையில் பெட்டிக்குள் கிடந்தன. கூரை ஒழுகி எல்லாம் நனைந்துவிட்டது. சில எரிகின்றன, சில பாதி எரிகின்றன, சில எரியவே இல்லை. கூரைமேல் வைக்கும் பெரிய ஸ்டாரும் துருப்பிடித்துவிட்டது. இந்த வருடம் மறுபடியும் போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கையில் 2,500 ராண்ட் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தொகை போதும் சகோதரி. ஆனால் அப்பா போட்டதை அப்படியே திரும்பப் போட நினைக்காதீர்கள். பத்துப் பதினைந்து செட் வாங்கக் கிளம்பினால், மலிவாகக் கிடைக்கும் எதையாவது வாங்கி, ஜனவரிக்குள் பாதி கெட்டுப்போகும். ஒரு வீட்டை இரவில் அழகாகக் காட்டுவது விளக்கின் எண்ணிக்கை அல்ல, அது வரையும் கோடு. கூரை விளிம்பில் நேராக ஒரு கோடு, அதற்குமேல் ஒரு ஸ்டார், வாசலில் குடில். இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் கார் நிற்கும்.

அதனால் கடைக்குப் போகுமுன் ஒரு மாலை ஏழரை மணிக்குத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். டிசம்பரில் டர்பனில் சூரியன் மறையவே ஏழு மணி ஆகிவிடுகிறது, நன்றாக இருட்ட ஏழரை. அந்த நேரத்தில் வீட்டின் எந்தப் பகுதி இருட்டாகத் தெரிகிறது, தெருவிளக்கு எங்கே விழுகிறது என்று பாருங்கள். தெருவிளக்கு நேராக அடிக்கும் சுவரில் எத்தனை விளக்கு போட்டாலும் எடுபடாது. சாட்ஸ்வர்த் மேடும் பள்ளமுமான இடம். உங்கள் வீடு சாலைக்கு மேலே இருந்தால் தரையில் வைப்பது எதுவும் கீழே போகிறவர்கள் கண்ணில் படாது, கூரையும் மாடிக் கைப்பிடியும்தான் தெரியும். போனில் ஒரு படம் எடுத்து அதன்மேல் விரலால் கோடு போட்டுப் பாருங்கள். பிறகு அளவு நாடாவால் அந்தக் கோட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வாங்க வேண்டியது அந்த அளவுக்குத்தான்.

இனி அப்பாவின் பெட்டி. பகலில், பிளக்கில் செருகாமல், ஒவ்வொரு செட்டையும் விரல்களுக்கிடையே விட்டு முழு நீளமும் தடவிப் பாருங்கள். வயர்மேல் உள்ள பிளாஸ்டிக் விறைத்தோ வெடித்தோ இருந்தால், பல்பு உட்காரும் குழியில் பச்சை பூத்திருந்தால், அதை இனி எங்கும் செருக வேண்டாம். எரிகிறதே என்று மனம் இழுக்கும், விட்டுவிடுங்கள். பழைய குண்டு பல்பு செட்டில் எல்லா பல்பும் ஒரே வரிசையில் நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுகின்றன. நனைந்த குழியைத் தொட்டால் அந்த மின்சாரம்தான் கையில் ஏறும்.

இதில் பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. இந்தச் சிறு பல்புகள் பலவற்றில் இழை அறுந்தாலும் உள்ளே ஒரு நுண்கம்பி மின்சாரத்தைக் கடத்திவிடும். அதனால் மற்றவை தொடர்ந்து எரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அறுந்த பல்பின் பங்கு வோல்ட்டும் சேர்ந்து மீதி பல்புகள்மேல் ஏறுகிறது. அவை கூடுதலாகச் சூடேறி, ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகப் போகும். எனவே நான்கைந்துக்குமேல் பல்பு அணைந்த குண்டு பல்பு செட்டைப் பழுது பார்த்துப் பயனில்லை.

எல்.இ.டி. செட் பாதி எரிந்தால் கதை வேறு. அது பல துண்டுகளாகப் பிரித்துக் கட்டப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரே ஒரு விளக்கின் கால் துருப்பிடித்து அறுந்திருந்தாலும் அந்தத் துண்டு முழுவதும் இருண்டுவிடும். கடற்காற்று வீசும் நம் ஊரில் இதுதான் சாதாரணமாக நடப்பது. எரியவே எரியாத இன்னொரு செட்டிலிருந்து, அதே வகை, அதே நிற விளக்கு ஒன்றை வெட்டியெடுத்து, பிளஸ் மைனஸ் மாறாமல் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயை மேலே போட்டு மூடினால் சரியாகும். சால்டர் பிடித்துப் பழகியவர் வீட்டில் யாராவது இருந்தால் மட்டும் செய்யுங்கள். காப்பாற்றிய செட்டுகள் மழை படாத வராண்டாவுக்கும் வீட்டுக்குள்ளும் போகட்டும், வெளியே வேண்டாம்.

பணத்தை இப்படிப் பிரிப்பேன்: விளக்குக்கு 1,200, வெளியே பயன்படுத்தத் தக்க எக்ஸ்டென்ஷனுக்கும் பிளக்கை மூடும் பெட்டிக்கும் 500, குழாய், கொக்கி, கேபிள் டை வகைக்கு 300, டைமருக்கு 150. மிச்சம் 350-ஐத் தொடாதீர்கள், அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். எக்ஸ்டென்ஷனுக்கு இவ்வளவா என்று தோன்றலாம். விளக்கு கெட்டால் கோடு இருளும், அவ்வளவுதான். இணைப்பு கெட்டால் ஆளுக்கே ஆபத்து.

விளக்கு வாங்கும்போது பெட்டியில் ‘ஐ.பி.’ என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். ஐ.பி. 20 என்றால் தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. தீபாவளிக்கு வந்து மீந்த மலிவுச் செட்டுகளில் பல இந்த ரகம். ஐ.பி. 44 எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், வெளிப்புறத்துக்கு அதுதான் குறைந்தபட்சம். விளக்குச் சரத்துக்கு ஓர் எண், அடாப்டருக்கு வேறோர் எண் இருப்பதும் உண்டு, இரண்டையும் பாருங்கள். வீட்டு மின்சாரத்தை 24 அல்லது 31 வோல்ட்டாகக் குறைக்கும் அடாப்டரோடு வரும் செட்டையே எடுங்கள். கூரையோரம் வயர் எங்காவது உரசிக் கிழிந்தாலும் உயிருக்கு ஆபத்து குறைவு. ஒரு செட்டின் அடாப்டரை இன்னொன்றுக்கு மாற்றிப் போடாதீர்கள். 31 வோல்ட்டை 24 வோல்ட் சரத்தில் கொடுத்தால் கருகிவிடும்.

நிறம் ஒன்றே ஒன்று: மஞ்சள் சாயல் உள்ள வெள்ளை. எல்லாவற்றையும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்குங்கள். வெவ்வேறு இடத்து வெள்ளைகள் பகலில் ஒன்றுபோல இருக்கும், இரவில் ஒன்று நீலமடிக்கும். 10 மீட்டர் நீளம், 100 விளக்கு கொண்ட செட் மூன்று போதும்: கூரைக்கு ஒன்று, ஸ்டாருக்கு ஒன்று, மாடிக் கைப்பிடிக்கு ஒன்று. குடிலுக்குள் யூ.எஸ்.பி.யில் ஓடும் சிறிய சரம் வையுங்கள். முறைவைத்துக் கரண்ட்டை நிறுத்தும் லோட் ஷெடிங் திரும்பி வந்தாலும், லைன் பழுதாகிக் கரண்ட் போனாலும், போனுக்கு வைத்திருக்கும் பவர் பேங்க்கில் குழந்தை இயேசு மட்டும் வெளிச்சத்தில் இருப்பார். அது பார்க்கவே மனம் நிறையும்.

ஸ்டாரை நீங்களே கட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. வீட்டு வயரிங்குக்குப் போடும் 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கண்டியூட் குழாய் 4 மீட்டர் நீளத்தில் விற்கும். இரண்டு வாங்கி ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டினால் 133 சென்டிமீட்டரில் ஆறு குச்சி. ஐந்தில் ஸ்டார், ஆறாவது வால். ஒவ்வொரு குச்சியிலும் இரு முனைகளிலிருந்தும் 51 சென்டிமீட்டரில் குறியிடுங்கள். நடுவில் 31 மீதி இருக்கும். குறிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி ஐந்தையும் தரையில் அடுக்கினால் ஸ்டார் தானாகவே சரியான வடிவத்துக்கு வந்துவிடும். முனைகளில் துளையிட்டு, எல்லாச் சந்திப்பையும் கேபிள் டையால் இறுக்குங்கள். சின்ன வயதில் கையெடுக்காமல் நட்சத்திரம் வரைவோமே, அதே வழியில் விளக்குச் சரத்தை ஓட்டினால் எங்கும் வெறும் வயர் தெரியாது. ஐந்து குச்சிக்கு 6.65 மீட்டர் போகும். மீதியை வால் குச்சியில் ஏற்றி இறக்கினால் பெத்லகேம் நட்சத்திரம் தயார். தென்மேற்கிலிருந்து திடீரென்று அடிக்கும் காற்று உங்களுக்குத் தெரியும். மேலே இரண்டு இடத்திலும் கீழே ஓரிடத்திலும் கட்டுங்கள், இல்லாவிட்டால் இரவெல்லாம் சுழலும்.

கட்டும்போது ஒரு கண்டிப்பான வேண்டுகோள். 1960களில் கட்டிய வீடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகட்டுக் கூரை இன்னும் இருக்கலாம். அதில் ஏறாதீர்கள், துளை போடாதீர்கள். தகடு உடைந்து விழும் ஆபத்து ஒருபுறம், நுரையீரலுக்குள் போகும் தூள் மறுபுறம். தண்ணீர்க் குழாய் ஓடும் ஓரப் பலகையில் ஏணி வைத்து, துருப்பிடிக்காத கொக்கியில் மாட்டினால் போதும். பளபளக்கும் உருண்டைகளை வெளியே தொங்கவிட வேண்டாம், குரங்குகள் அவற்றோடு விளக்கையும் இழுத்துக்கொண்டு போகும்.

பிளக்கும் அடாப்டரும் தரையில் கிடக்கக் கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, அடியில் சிறு துளைகள் போட்டு, செங்கல்மேல் தூக்கி வையுங்கள். வயர் பெட்டிக்குள் நுழையுமுன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. தொடங்குமுன், மெயின் சுவிட்ச் இருக்கும் டிபி பெட்டியில், மின்சாரம் கசிந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்சின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகே விளக்கு. மழையில் அது விழுந்தால் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். இடி இடிக்கும் மாலைகளில் பிளக்கையே உருவிவிடுங்கள்.

சோலார் செட் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பலகையை வடக்குப் பார்த்துச் சாய்த்து வைக்கச் சொல்வார்கள். குளிர்காலத்துக்கு அது சரி. டிசம்பர் மதியம் சூரியன் ஏறத்தாழ நம் தலைக்குமேல் நிற்கிறது, ஆகவே பலகை கிட்டத்தட்ட படுத்திருந்தாலே நல்லது. நிழல் விழாத இடமா என்பதே முக்கியம்.

கரண்ட் செலவை நினைத்து அம்மா தயங்கினால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பழைய 100 பல்பு செட் ஒன்று ஏறத்தாழ 40 வாட். பத்து செட், தினம் மூன்றரை மணி நேரம், 30 நாள் எரிந்தால் 42 யூனிட். புதிய மூன்று செட்டும் ஒன்று 6 வாட் என்று வைத்தால் மாதம் முழுவதும் 2 யூனிட்டுக்குக் கீழே. பிரீபெய்டு மீட்டரில் யூனிட் 3 ராண்ட் என்று கொண்டால் 126 ராண்ட் எங்கே, 6 ராண்ட் எங்கே!

பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே கூரையில் பாதி மட்டும் மின்னுவதைவிட, அவர்கள் பக்கமும் அதே நிறத்தில் ஒரு செட் ஓடினால் கோடு இரட்டிப்பாகும். அவர்கள் தீபாவளிக்கு விளக்கு போடுகிறவர்களாக இருந்தால் இரு பண்டிகைக்கும் அது ஆகும்.

அந்த 350 ராண்ட், கிறிஸ்துமஸ் முடிந்து கடைகள் விலை குறைக்கும் நாட்களுக்கு. இதே மாதிரி விளக்கு கிடைத்தால் ஒரு செட் வாங்கி மாற்றாக வையுங்கள். அளவு எழுதிய தாளையும் இந்த வருட விளக்கின் பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கழற்றிய விளக்குகளை நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, அட்டைத் துண்டில் சுற்றி, எந்தச் செட் எந்த இடத்துக்கு என்று எழுதி, மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் போடுங்கள். ஒழுகும் பின்னறையில் வேண்டாம், வீட்டுக்குள் அலமாரியின்மேல் வையுங்கள்.